தள்ளுவண்டிக்கு வருமுன் ஆட்டுத்தொட்டிக்குப் போங்கள்: நெல்லைச் சீமை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்களுக்கும், மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளின் சுகாதார அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் மருந்துக்கடை நடத்துகிறவன். சாயங்காலம் ஆனால் எங்கள் தெருமுனையில் வண்டிகள் வந்து வரிசையாக நின்றுவிடும். ஒன்றில் பரோட்டா, ஒன்றில் சிக்கன் 65, ஒன்றில் ஆட்டுக்கால் சூப். கடையை அடைத்துவிட்டு நானும் அங்கேதான் சாப்பிடுகிறேன். பிள்ளைகளுக்கும் அங்கிருந்துதான் வாங்கிப் போகிறேன். ரோட்டுக்கடைகளை ஒழித்துக் கட்டுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் எழுதவில்லை. உங்களில் பலர் எத்தனை ஊர்களைத் தனி ஆளாகச் சுமக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் கேட்பது இதுதான். கறி நல்ல கறியா என்ற சோதனையைத் தள்ளுவண்டியில் தொடங்காதீர்கள். ஆடு அறுக்கும் கூடமான ஆட்டுத்தொட்டியிலும் கோழிக்கடையிலும் தொடங்குங்கள். வண்டிக்காரருக்குத் தண்ணீரும் ஐஸும் கிடைக்க ஒரு வழி செய்துவிட்டு, அப்புறம் அவரிடம் கணக்குக் கேளுங்கள்.

கெட்ட கறியால் என்ன நடக்கும் என்பதை நாம் எல்லாரும் பார்த்துவிட்டோம். 2022 மே மாதம் கேரளாவின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு பள்ளி மாணவி இறந்தாள். சோதித்த மாதிரிகளில் சால்மொனெல்லா, ஷிகெல்லா என்ற கிருமிகள் இருந்தன. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள், 40-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஒவ்வொரு சாவுக்குப் பின்னாலும் மாநிலம் முழுக்கச் சோதனை நடக்கும். கிலோ கணக்கில் கறியை அள்ளிக் கொட்டி ஃபினாயில் ஊற்றுவார்கள், படம் எடுப்பார்கள், அபராதம் போடுவார்கள். சில வாரங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கொட்டப்பட்ட கறி எந்தக் கடையில் வாங்கியது, அந்தக் கடைக்கு எங்கிருந்து வந்தது, அறுத்து எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது என்று அந்தச் செய்திகளில் நான் படித்ததே இல்லை. அந்த இரண்டு பிள்ளைகளின் சாவும் கேட்ட கேள்வி அதுதான்.

சாவுகள் செய்தியாகின்றன, வயிற்றுப்போக்கு செய்தியாவதில்லை. மருந்துக்கடைக்காரனாக நான் இதை உறுதியாகச் சொல்ல முடியும். ஞாயிற்றுக்கிழமை கறி தின்ற ஊர் திங்கட்கிழமை காலையில் என் கடை வாசலில் நிற்கிறது. "வயித்தால போவுது, ஓ.ஆர்.எஸ். குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இவர்கள் யாரும் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 35-வது பிரிவு, ஒரு பகுதியில் தொழில் செய்யும் டாக்டர்கள் தங்களிடம் வரும் உணவு நச்சுச் சம்பவங்களை எல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிக்கை போட இடம் தருகிறது. அப்படி ஓர் அறிவிக்கையை நம் மாவட்டத்துக்கு வாங்கித் தர நீங்கள் பரிந்துரை செய்ய வேண்டும். ஒரே தெருவிலிருந்து ஒரே நாளில் ஐந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் அது உங்கள் காதுக்கு அன்றைக்கே வரட்டும். எங்களைப் போன்ற மருந்துக்கடைக்காரர்களிடம் கேட்டால் நாங்களும் சொல்வோம்.

வண்டியில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரோட்டோரம், தூசி, புகை என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். கல்லில் கொதிக்கக் கொதிக்கக் கொத்தி நேராக இலைக்கு வரும் கொத்துப் பரோட்டாவைப் பற்றி நான் அதிகம் பயப்படுவதில்லை. அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும் சால்னாவும் அப்படித்தான். பாக்டீரியா பெருகுவது ஏறத்தாழ 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில். நல்ல சூழல் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை அது இரட்டிப்பாகும். நெல்லை வெயிலில் மசாலா தடவி நாலு மணிக்குக் கொண்டுவந்த கோழி, ராத்திரி பதினொரு மணி வரை ஒரு பிளாஸ்டிக் வாளியில் கிடந்தால் என்ன ஆகும்? எண்ணெயில் போட்டதும் கிருமி செத்துவிடும் என்கிறார்கள். கிருமி சாகும், சரி. ஆனால் ஸ்டேஃபிலோகாக்கஸ் என்ற கிருமி அதற்குள் விட்டுவைத்த நஞ்சு சூட்டில் எளிதில் சாகாது. பெரிய அண்டாவில் சமைத்து அப்படியே ஆறவிட்ட பிரியாணியிலும் இதே கதை. சில கிருமிகளின் வித்துகள் கொதியைத் தாங்கிக்கொண்டு, சோறு ஆறும்போது முளைத்து எழும்.

அப்புறம் கத்தியும் கட்டையும். பச்சைக் கோழியை வெட்டிய பலகையிலேயே வெங்காயத்தையும் வெட்டுவது பல வண்டிகளில் பழக்கமாக இருக்கிறது. கோழி எண்ணெயில் வெந்துவிடும், வெங்காயம் பச்சையாகவே தட்டுக்கு வரும். இரண்டு பலகை, இரண்டு கத்தி இருந்தால் இந்த ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும். அபராதச் சீட்டு எழுதும் நேரத்தில் இதை ஒரு தடவை செய்து காட்டினால் அந்த வண்டிக்காரர் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்.

ஷவர்மா வேறு வகை. கம்பியில் அடுக்கிய கறியின் வெளிப்பக்கம் வெந்து சிவக்கும்போது உள்பக்கம் பச்சையாகத்தான் இருக்கும். சீவச் சீவ உள்ளே இருப்பது நெருப்புக்கு வரும். கூட்டம் அதிகமானால் வேகாததைச் சீவிக் கொடுத்துவிடுகிறார்கள். கூட்டம் இல்லாவிட்டால் கேஸை மிச்சம் பிடிக்கத் தீயைக் குறைத்துவிடுகிறார்கள், கறி மணிக்கணக்கில் வெதுவெதுப்பில் நிற்கிறது. மீந்ததை மறுநாள் மறுபடியும் கம்பியில் குத்துவது எல்லாவற்றையும்விட மோசம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது நல்ல காரியம். அதே கவனம் கம்பியில் இருக்கும் கறிக்கும் வேண்டும். ஷவர்மா போடுகிறவரிடம் ஒரு உணவு வெப்பமானி இருக்க வேண்டும், அன்றன்றைக்கு மீந்தது அன்றைக்கே குப்பைக்குப் போக வேண்டும். இந்த இரண்டையும் கண்டிப்பாக்கினால் போதும் என்பது என் எண்ணம்.

தண்ணீர் பற்றி எழுதாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. எங்கள் முனையில் வண்டி போடும் ஒரு அம்மாவிடம், தட்டில் பாலிதீன் பேப்பரைப் போட்டுக் கொடுக்கிறீர்களே, அது தடை செய்ததல்லவா என்று கேட்டேன். "தெரியும் அண்ணாச்சி. எச்சித் தட்ட கழுவ தண்ணி வேணும்லா? அத நான் எங்க போய் பிடிக்க? அதான் பேப்பரப் போட்டுக் குடுக்கேன்" என்றார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்தப் பேப்பருக்குத் தடை. சூடான குழம்பை அதில் ஊற்றித் தின்பது உடம்புக்கு ஆகாது என்று அவருக்கும் தெரிகிறது. ஆனால் வீட்டிலிருந்து தூக்கிவரும் இரண்டு குடத் தண்ணீரில்தான் குடிக்கவும் கொடுக்க வேண்டும், கையும் கழுவ வேண்டும், கரண்டியும் கழுவ வேண்டும். தாமிரபரணி ஓடுகிற ஊரில் இந்த நிலைமை இருக்கக் கூடாது. வண்டிகள் கூடும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குடிநீர்க் குழாயும், அழுக்குத் தண்ணீர் இறங்க ஒரு சாக்கடை வாயும் போட்டுக் கொடுங்கள். வாழையிலை நமக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் வந்தால் இலை தானாகவே வரும், பாலிதீன் போகும்.

இனி கறிக்கு வருகிறேன். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நம் ஊர்களில் கோயில் கொடைக்குக் கிடா வெட்டும்போது அந்தக் கிடா முந்தின நாள் வரை மேய்ந்து திரிந்ததை ஊரே பார்த்திருக்கும். சீக்கு ஆடு என்றால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். வெட்டிய கொஞ்ச நேரத்தில் கறி அடுப்புக்குப் போய்விடும், மாலைக்குள் பந்தி முடிந்துவிடும். ஐஸ் கிடையாது, டாக்டர் கிடையாது, ஆனாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆனதில்லை. ஏனென்றால் ஆட்டையும் பார்த்தோம், நேரத்தையும் பார்த்தோம். டவுனிலும் ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் கறி வாங்குகிற நமக்கு அந்த இரண்டும் தெரியாது. மேலப்பாளையம் சந்தைக்கு எங்கிருந்தோ வந்து, யாரோ வாங்கி, எங்கேயோ அறுத்து, கம்பியில் தொங்குவதைத்தான் பார்க்கிறோம். நம் கண் பார்க்காததை ஒரு கால்நடை டாக்டரின் கண் பார்த்தது என்பதற்கான அத்தாட்சிதான் கறியின் மேல் குத்தும் முத்திரை. கறிக்கடையில் தொடை கேட்கிறோம், ஈரல் கேட்கிறோம், முத்திரையைக் கேட்பதில்லை. நான் கேட்டுப் பார்த்த கடைகளில், காலையில் இருந்தது, வெட்டி வித்தாச்சு என்ற பதில்தான் கிடைத்தது.

சட்டத்தில் குறை இல்லை. 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளின்படி, அனுமதி பெற்ற கூடத்தில்தான் அறுக்க வேண்டும். சினை ஆட்டையும் மூன்று மாதத்துக்குள் ஈன்ற ஆட்டையும் அறுக்கக் கூடாது. டாக்டர் தகுதிச் சான்று கொடுக்க வேண்டும். ஒரு டாக்டர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேலோ, ஒரு நாளில் 96-க்கு மேலோ பார்க்கக் கூடாது என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு விவரம் தெரிந்திருக்கிறது, அவசரமாகப் பார்த்தால் பார்த்ததாகவே ஆகாது. உயிரோடு இருக்கும்போது காய்ச்சலும் நடையும் தெரியும், அறுத்த பிறகுதான் ஈரலில் தட்டைப்புழுவும் நுரையீரலில் நீர்க்கட்டியும் தெரியும். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) வந்த ஆட்டை அறுத்தாலே அறுத்தவருக்கு ஆபத்து. ஆக, இரண்டு தடவையும் பார்க்க வேண்டும்.

தீபாவளி அன்றும் பக்ரீத் அன்றும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நம் மாநகரில் எத்தனை ஆடு அறுபடும், அதைப் பார்க்க எத்தனை டாக்டர் வேண்டும் என்று அந்த 96 என்ற எண்ணை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். ஆள் போதாது என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள், மக்கள் சேர்ந்து கேட்போம். ஆள் கிடைக்கவும் வழி இருக்கிறது. இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிறது. கறிப் பரிசோதனை அந்தப் படிப்பிலேயே ஒரு பாடம். இறுதியாண்டு மாணவர்கள் ஆசிரியரோடு ஆட்டுத்தொட்டிக்கு வந்து பயிற்சி எடுத்தால் அவர்களுக்கும் படிப்பு, ஊருக்கும் காவல். பக்கத்திலேயே இப்படி ஒரு கல்லூரியும், பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடமும் இருக்கும் ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. தென்மாவட்டத்துக்கே நாம் முன்மாதிரியாக இருக்க முடியும். மனசு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோழிக்கு இந்த அளவு கவனம்கூட இல்லை. ஆனால் இன்றைக்குத் தள்ளுவண்டிகளில் விற்பது முக்கால்வாசி கோழிதான். ஒரு நாளைக்கு 50 கோழி அல்லது 10 ஆடு வரை அறுக்கிற சிறு கடைக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும் என்பது விதி. அந்தச் சலுகை நியாயமானது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை 50 கோழியோடு நிற்கிற கடை எது? இறகு பிடுங்கிய கோழிகளை ஒரே டிரம் தண்ணீரில் முக்கி முக்கி எடுக்கிறார்கள். ஒரு கோழியின் குடலில் இருந்த சால்மொனெல்லா அந்தத் தண்ணீர் வழியாக அத்தனை கோழிக்கும் போகிறது. ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும், குடல் எடுக்கும் மேடை வேறு, கறி வெட்டும் மேடை வேறு என்று இருக்க வேண்டும். புளியமரக் கட்டையை ராத்திரி சுரண்டி, வெந்நீர் ஊற்றி, கல்லுப்பைப் பரப்பி வைக்க வேண்டும். பழைய கறிக்கடைக்காரர்கள் யாரும் சொல்லாமலே இதைச் செய்தார்கள். வெடிப்பு விட்ட கட்டையை மாற்றச் சொல்லுங்கள்.

கோழிக் கழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராத்திரியில் மூட்டை கட்டி வாய்க்காலோரம் போட்டுவிட்டுப் போகிறார்கள். அதைத் தின்று பழகிய நாய்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் துரத்துகின்றன. 2024 டிசம்பரில் கேரளாவிலிருந்து கொண்டுவந்து கொடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவோடு திருப்பி அனுப்பினோம். லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த உறுதி நமக்குள் விளையும் கழிவு விஷயத்திலும் வர வேண்டும். கோழிக்கடைகளில் தினமும் தனியாகச் சேகரிக்கும் வண்டி ஒன்றை ஓட்டி, அதற்குக் கட்டணமும் வாங்குங்கள். கொடுக்க அவர்கள் தயாராகத்தான் இருப்பார்கள்.

எண்ணெய், சாயம், செய்தித்தாள் பற்றி நீங்களே அடிக்கடி சொல்கிறீர்கள், நான் நீட்டவில்லை. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேரும் கெட்ட பொருட்கள், அதாவது மொத்த துருவச் சேர்மங்கள், 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 முதல் விதி. அதை அளக்கும் கருவி உங்கள் கையில் இருக்கிறது, வண்டிக்காரர் கையில் இல்லை. பார்த்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

தண்டனை எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32-வது பிரிவில் மேம்பாட்டு அறிவிப்பு என்று ஒன்று இருக்கிறது. என்ன குறை, என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, குறைந்தது 14 நாள் தவணை தர வேண்டும். கெட்டுப்போன கறியை அன்றைக்கே அழியுங்கள், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் கைகழுவ இடமில்லை, மூடி இல்லை, பலகை ஒன்றுதான் இருக்கிறது என்பதற்கெல்லாம் முதலில் அந்த அறிவிப்பைக் கொடுங்கள், தமிழில், படித்தால் விளங்குகிற மாதிரி. பதினைந்தாம் நாள் திரும்பி வந்து பாருங்கள். திரும்பி வருவார்கள் என்று தெரிந்தால்தான் மனிதர் மாறுவார். பெரிய ஹோட்டலுக்கும் தள்ளுவண்டிக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும். ஒரு தடவை எங்கள் குடும்பமே வாந்தி எடுத்துப் படுத்தது குளிரூட்டிய ஹோட்டல் ஒன்றில் தின்ற சாப்பாட்டால்தான், ரோட்டுக்கடையால் அல்ல.

தெரு வியாபாரிகள் சட்டம் 2014-இல் வந்தது. அதன்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்குக் குறைந்தது 40 பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம் என்கிறது அந்தச் சட்டம். 2011 கணக்கெடுப்பில் நம் மாநகரின் மக்கள்தொகை 4,73,637. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 11,800 பேர். இத்தனை பேரின் பிழைப்பைப் பற்றிப் பேசும் குழுவில் கறி, தண்ணீர், ஐஸ் ஆகிய மூன்றையும் நிரந்தரமான பேச்சுப்பொருளாக வையுங்கள். கூட்டக் குறிப்பை மண்டல அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். நாளைக்கு இடம் இருக்குமா என்று தெரியாத ஆள் ஐஸ் பெட்டி வாங்கப் பணம் போடமாட்டார். இடம் உறுதியானால் சுத்தமும் வரும் என்று நான் நம்புகிறேன்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு ரதவீதிகளில் எத்தனை வண்டிகள் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் மூன்று காரியம் நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வண்டிகள் கூடும் இடங்களில் குடிநீர்க் குழாய். காலையில் முத்திரை குத்திய கறி எந்தெந்தக் கடைக்குப் போனது என்று மாநகராட்சிப் பலகையில் தினமும் ஒரு பட்டியல். ஒரு மாலை நேரத்தில், வியாபாரம் கெடாத நாளாகப் பார்த்து, வண்டிக்காரர்களுக்கும் கறிக்கடைக்காரர்களுக்கும் சேர்த்து ஒரு பயிற்சி. திங்கட்கிழமை வைத்தால் வருவார்கள், அன்றைக்குத்தான் வியாபாரம் மந்தம். இடமும் நேரமும் சொல்லுங்கள். எங்கள் தெருமுனை வண்டிக்காரர்களை நான் அழைத்து வருகிறேன். ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் சோப்பும் என் செலவில் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை மருந்துக்கடைக்காரன் ஒருவன்